தூண் எண் ஆறு

1

2024 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.40. வெளியே ஒன்பது டிகிரி, விட்டுவிட்டுத் தூறல், மேற்கிலிருந்து காற்று. அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், கம்யூனிட்டி காலேஜின் பின்பக்கத்துப் பரிசோதனைக்கூடத்தில் என்னுடைய கான்கிரீட் உருளை உடைந்தது.

உடைப்பதற்காகத்தான் அதை வார்த்தோம். மாணவர்கள் பதினான்கு பேர், ஆளுக்கு ஓர் உருளை. நான்கு அங்குல விட்டம், எட்டு அங்குல உயரம். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு இயந்திரத்தில் நிறுத்தி நசுக்குவார்கள். சதுர அங்குலத்துக்கு மூவாயிரம் பவுண்டு தாங்கினால் தேர்ச்சி. பதின்மூன்று உருளைகள் தாங்கின. குறைந்தது 3,020, அதிகம் 3,460. அந்த 3,460 பக்கத்து மேசை லிண்டாவுடையது. லிண்டா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றியதை நான் பார்த்தேன். சிமெண்டை கிராம் கணக்கில் நிறுத்து, ஜல்லியைக் கழுவி உலர்த்தி, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு செய்த என்னுடைய உருளை 1,710இல் நொறுங்கிவிட்டது.

முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். ஆனால் எனக்கு முன்னால் எட்டுப் பேருக்கும் பின்னால் ஐந்து பேருக்கும் அதே இயந்திரம்தான். அடுத்து சீட்டைச் சந்தேகப்பட்டேன். உருளையில் ஒட்டியிருந்த பெயர் கோவிந்தசாமி. அது என் அப்பாவின் பெயர். காலேஜில் சேரும்போது கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றார்கள், அப்பாவை எழுதினேன். அன்றிலிருந்து இந்த ஊரில் வகுப்புக்குப் போய்வருகிறவர் முப்பது வருடத்துக்கு முன் காலமான என் அப்பாதான். தோற்றவரும் அவரே.

"சீட்டு மாறியிருக்கலாம். இரவில் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும்?" என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

ஆசிரியர் கேரி, நாற்பது வருடம் வீடு கட்டிய தச்சர். இடது கையில் விரல் நாலரை. அவர் கோபப்படவில்லை. உடைந்த துண்டு ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தார். மாவாக உதிர்ந்தது. "மிஸ்டர் கோவிந்தசாமி, கலந்து வைத்த பிறகு, இரண்டாவது முறை தண்ணீர் ஊற்றினீர்களா?" என்றார்.

ஊற்றினேன்.

2

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வடசென்னையில், காலடிப்பேட்டையில் பிறந்தேன். எண்ணூர்ப் பக்கம் ஓர் அனல் மின் நிலையத்தில், சாம்பல் வெளியேற்றும் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை. மனைவி போனபின் ஆறு வருடமாக மகள் கவிதாவின் வீட்டில் இருக்கிறேன். வயது எழுபத்தொன்று. இந்த வீட்டில் படிகள் பதினாறு, கதவுகள் பதின்மூன்று, என்னோடு தமிழில் பேசுகிறவர்கள் ஒன்றேகால் பேர். அந்தக் கால் பேர் பேத்தி மீரா. நான் சொல்வது புரிகிறது, பதில் ஆங்கிலத்தில் வரும். சென்ற வருடம் வரை அரை பேராக இருந்தாள்.

காலடிப்பேட்டை வீடு என் பெயரிலும் தம்பி சேகர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. 1988இல் நான் நின்று கட்டிய வீடு. பின்னால் மாடி எழுப்பலாம் என்று அன்றே ஒன்பது தூண் போட்டுத்தான் கட்டினேன். இப்போது அதில் சேகர் குடும்பம் இருக்கிறது. அவன் மகன் தினேஷ், இரண்டு வயதுக் குழந்தையோடு கொடுங்கையூரில் வாடகைக்கு இருக்கிறான். குப்பைமேட்டுப் புகை ஜன்னல் வழியாக வருகிறது. குழந்தைக்கு மாதம் இரண்டு முறையாவது ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்க வேண்டியிருக்கிறது. சேகருக்கு மேலே ஒரு மாடி வேண்டும். அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

"அண்ணா, மேல ஒரு மாடி எழுப்பினா தினேஷு இங்க வந்துருவான். கொழந்த மூச்சு வுட முடியாம கீது. நீ கையெழுத்த மட்டும் போடு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான் போனில்.

மீதியை அவன் பார்த்துக்கொள்வான் என்ற இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடத்தில் மூன்று முறை கேட்டான், மூன்று முறையும் மறுத்தேன். மூன்றாவது முறை அவன் ஒரு படம் அனுப்பினான். கூடத்து மூலைத் தூண், எண் நான்கு, பூச்சு வெடித்து, உள்ளே கான்கிரீட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. "பில்டர் ஒர்த்தர் வந்து பாத்தாரு. மாடி எழுப்பணும்னா மொதல்ல தூண சரி பண்ணணும்ன்றாரு" என்று குரல் செய்தி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் தூண் அப்படி உதிராது. பில்டர் வந்து பார்த்தார் என்றால் மாடிக்காக வரவில்லை. வீட்டையே இடித்து, நாலு அடுக்கு எழுப்பி, பாதியை எடுத்துக்கொள்ளத்தான் அவர்கள் வருவார்கள். தூணை உளியால் பெயர்த்துப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அதை அப்படியே அவனிடம் சொல்லியும் விட்டேன். "உளி வெச்சு பேத்தேனா? செரிண்ணா. நீ நல்லா இரு" என்று வைத்துவிட்டான். அதன்பின் நாலு மாதம் போனில்லை.

கவிதாதான் காலேஜைக் கண்டுபிடித்தாள். "அப்பா, சித்தப்பாவை நம்பலைன்னா நீங்களே கத்துக்கிட்டு முடிவு பண்ணுங்க. குழந்தை விஷயம் இது, இழுத்துக்கிட்டே போகாதீங்க" என்றாள். சஸ்டெய்னபிள் ஹோம் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பாடத்தின் பெயர். மரம், மண், வைக்கோல், பழைய செங்கல், சாம்பல் இவற்றைக் கொண்டு பூமிக்கு அதிகம் தொந்தரவு தராமல் வீடு கட்டுவது. செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு. கவிதாவுக்கும் சரியாக அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டரில் அலுவலகக் கூட்டங்கள். அதையும் கவனித்தேன்.

அறுபது தாண்டியவர்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். ஏன் இல்லை என்று கேட்டதற்கு, சேர்க்கைப் பிரிவில் இருந்த பெண் என்னையே பார்த்தாள். பதினொரு கையெழுத்து வாங்கினார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று மூன்று வெவ்வேறு தாளில் கேட்டார்கள். இலவசம் என்றவர்கள் பரிசோதனைக்கூடத்துக்கு என்று நாற்பத்தைந்து டாலர் வாங்கிக்கொண்டார்கள். இரும்பு மூக்கு வைத்த காலணியும் கண்ணாடியும் நம் செலவு.

3

உருளை வார்த்தது செப்டம்பர் 24. அன்று நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில் இருக்கிறது.

மேசை நடுவில் சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றையும் பொதுவாகக் குவித்து வைத்திருந்தார்கள். அச்சு தயாரானதும் ஒவ்வொருவரும் வேண்டியதை எடுத்து, கலந்து, உடனே ஊற்ற வேண்டும் என்று கேரி சொன்னார். பொதுக் குவியல் என்றால் எனக்கு ஆகாது. பின்னால் வருகிறவனுக்குக் குறையும், முன்னால் போனவன் எவ்வளவு எடுத்தான் என்று தெரியாது. ஒன்பது மணி அடித்ததும் என் பங்கை நிறுத்து எடுத்து, ஒரு தொட்டியில் போட்டு, அப்போதே தண்ணீர் விட்டுக் கலந்து வைத்துக்கொண்டேன். கலந்துவிட்டால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

பிறகுதான் கேரி ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்தார். சாம்பல் நிறத்தில், டால்கம் பவுடர் போல மெல்லிய தூள். "இதுதான் பசுமைக் கட்டுமானத்தின் நண்பன். நிலக்கரி எரித்த சாம்பல். சிமெண்டில் கால் பங்கைக் குறைத்துவிட்டு இதைப் போடலாம்" என்றார். குடுவை கைமாறி வந்தது. லிண்டா முகர்ந்து பார்த்து, மழை வாசனை போல் இருக்கிறது என்றார்.

நான் முகர வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வருடம் அது என் மூக்கில் இருந்தது. மாடியில் காய்ந்த என் மனைவியின் வெள்ளைப் புடவை எதுவும் வெள்ளையாகக் கீழே வந்ததில்லை. கேன்டீனில் தயிர்ச் சோற்றுத் தட்டைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிடுவோம். முகத்துவாரக்குப்பத்திலிருந்து இறால் கொண்டுவந்து விற்கும் மீனாட்சி, "உங்க கம்பெனி மாவு கழிமொகத்துல எறங்கி, வலைய போட்டா சேறுதான் வருது, நைனா" என்று தலைக்கு இரண்டு இறால் குறைத்துப் போடுவாள். கம்பெனிக்குப் போட வேண்டிய வழக்கை அவள் என்னிடமே முடித்துக்கொண்டாள்.

கையைத் தூக்கினேன். சாம்பலை எங்கிருந்து எடுக்கிறார்கள்? எடுக்கும் வரை எங்கே கொட்டி வைக்கிறார்கள்? அங்கே குடியிருக்கிறவர்கள் யார்? ஒவ்வொரு கேள்விக்கு முன்னும், நம் வழக்கப்படி, எனக்கு ஒரு டவுட் என்றுதான் ஆரம்பித்தேன். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் உன் பேச்சை நான் நம்பவில்லை என்று அர்த்தமாம், பிறகு மீரா சொன்னாள். ஆறு முறை சொல்லியிருக்கிறேன். எனக்கு நஷ்டமில்லை, இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

கேரி எதையும் மழுப்பவில்லை. "எனக்குத் தெரியாது. மூட்டையாக வரும்போதுதான் நான் பார்க்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார். சொன்னேன். எண்ணூர்ச் சாம்பல் குளத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். அமெரிக்காவில் ஆறு வருடத்தில் யாரும் என்னை அவ்வளவு நேரம் பேச விட்டதில்லை.

மேசைக்குத் திரும்பும்போது மணி பத்தேகால். தொட்டியில் கலவை இறுகியிருந்தது. "உங்கள் கேக் வெந்துவிட்டது" என்றார் லிண்டா. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் குத்திக் கிளறி, இளக்கி, அச்சில் ஊற்றினேன். பார்வைக்கு எல்லா உருளையும் ஒன்று போலத்தான் இருந்தது.

4

"கலவை ஒருமுறைதான் பிடிக்கும். பிடிக்க ஆரம்பித்ததைத் தண்ணீர் விட்டு இளக்கினால் இளகும், ஆனால் பாதி பலம் போய்விடும். வெளியில் தெரியாது. பாரம் ஏறும்போதுதான் தெரியும்" என்றார் கேரி, உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு.

நான் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதிர்ந்த இடத்தில் நிறம் வெளுத்து, சிறு சிறு துளையாக இருந்தது. சேகர் அனுப்பிய படத்தில் நான் பெரிதாக்கிப் பார்த்தது இதே நிறம், இதே துளை. உளி பட்ட இடம் இப்படி இருக்காது. உளி பட்டால் ஜல்லி உடைந்து பளபளக்கும்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பதினேழு நிறுத்தம். அன்று எண்ணவில்லை, என் நிறுத்தத்தையும் தாண்டிப் போய், மூன்று நிறுத்தம் திரும்பி நடந்தேன்.

5

வீடு கட்டிய நோட்டு என்னிடம் இருக்கிறது. விமானத்தில் இருபத்து மூன்று கிலோதான் அனுமதி என்றபோது, மனைவியின் வெண்கலக் குத்துவிளக்கை விட்டுவிட்டு இதை எடுத்து வந்தேன். மொத்தம் 386 மூட்டை சிமெண்ட், வந்தது எந்த வண்டியில், போனது எந்த வேலைக்கு, எல்லாம் இருக்கிறது.

மேஸ்திரி காசிம் பாய், தண்டையார்பேட்டைக்காரர். எனக்கு நாலைந்து வயது இளையவர். கடைக்கால் வேலை முடிந்த வாரம் எண்ணிப் பார்த்ததில் ஒரு மூட்டை குறைந்தது. இரண்டாம் முறை எண்ணியும் அதே ஒன்று குறைந்தது. மேஸ்திரிகள் மூட்டையை வெளியில் விற்பார்கள் என்று மின் நிலையத்தில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சிமெண்ட் அறைக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினேன்.

அடுத்த வாரம் தூண். எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். சாவியை யாரிடமும் கொடுக்க மனமில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாலும் மூட்டையாக இருக்கும்வரை அது விலைபோகும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். காசிம் பாயும் இரண்டு சித்தாள்களும் விடிகாலை ஐந்து மணிக்கு வர வேண்டும். அன்றைய இரண்டு தூணுக்கு இரண்டு மூட்டை. என் கண் முன்னால் பிரித்து, கொட்டி, தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். கலந்த சிமெண்டை யாரும் விற்க முடியாது. பூட்டைப் பூட்டிக்கொண்டு ஐந்தரைக்கு சைக்கிளில் ஏறுவேன்.

கலவை ஊற்றும் அச்சுப் பலகை இரண்டு தூணுக்குத்தான் இருந்தது. முந்தின நாள் தூணின் பலகையைப் பிரித்து, அடுத்த தூணுக்குப் பூட்டி, கம்பியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக்கி முடிக்க மணி பத்தரை ஆகும். ஐந்து மணிக்குக் கலந்ததை அவர்கள் பத்தரைக்கு மேல்தான் ஊற்ற முடியும். அதுவரை அது என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது:

தூண் 1, 2. இரண்டு மூட்டை. கலவை 5.10. எண்ணிக்கை சரி.
தூண் 3, 4. இரண்டு மூட்டை. கலவை 5.05. எண்ணிக்கை சரி.
தூண் 5, 6. இரண்டு மூட்டை. கலவை 5.10. எண்ணிக்கை சரி.

ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் என் விடுமுறை நாட்கள் இரண்டில் வார்த்தவை. இரண்டு நாளும் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சிறிது சிறிதாகக் கலந்து உடனுக்குடன் ஊற்றினார்கள். நான் இருந்ததால்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

ஆறு தூண். அதன் கீழே முப்பத்தாறு வருடமாக என் தம்பி குடும்பத்தோடு படுத்து எழுந்திருக்கிறான்.

6

நாலு மாதம் கழித்து நானே சேகரைக் கூப்பிட்டேன். டிசம்பரில் வருகிறேன் என்றேன்.

"இன்னாண்ணா திடீர்னு? கையெழுத்து போட வர்றியா, இல்ல சண்ட போட வர்றியா?"

"தூணைப் பரிசோதனை செய்ய வேண்டும்."

"இப்ப டெஸ்ட்டு வேறயா? இன்னும் யாரப் புடிக்கப் பாக்குற?"

ஆளைப் பிடித்தாகிவிட்டது என்று போனில் சொல்ல வரவில்லை.

டிசம்பர் இருபதாம் தேதி காலை, காலடிப்பேட்டை வீட்டுக்குத் திருச்சி பக்கத்துப் பையன் ஒருவன், பொறியாளர், கருவிகளோடு வந்தான். சுத்தியல் போன்ற கருவியைத் தூணில் அழுத்தினால் உள்ளே ஒரு முள் திரும்பி அடித்து எண் காட்டும். ஒரு தூணுக்குப் பன்னிரண்டு இடம். அவன் தொடங்குமுன் ஒரு தாளில் 1, 2, 3, 4, 5, 6 என்று எழுதி மடித்து சேகரிடம் கொடுத்தேன். "முடிந்தபின் பிரி" என்றேன்.

"இதுல இன்னா வித்த காட்டப் போற?" என்றான். ஆனால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் இடத்தில் நின்று காது பாதி போனவன். சத்தமாகத்தான் பேசுவான். அன்று முழுக்க மெதுவாகப் பேசினான். தினேஷும் குழந்தையோடு வந்திருந்தான். குழந்தை என் காலணியைப் பிடித்து இழுத்தது. இழுத்த ஒவ்வொரு முறையும் அதன் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது.

மூன்று மணிக்குப் பொறியாளர் தாளை நீட்டினான். "ஏழு, எட்டு, ஒன்பது நல்லா இருக்கு சார். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ரொம்ப வீக். மேல பாரம் ஏத்தவே கூடாது. கீழ் வீடும் இப்படியே விடறது சரியில்ல."

சேகர் என் தாளைப் பிரித்தான். பொறியாளர் தாளையும் பார்த்தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"உனுக்கு எப்டிண்ணா தெரியும்?"

சொன்னேன். பூட்டு, ஐந்து மணி, சைக்கிள், எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவன் தூண் நான்கின் உதிர்ந்த இடத்தில் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உளி வெச்சு நான் பேத்தேன்னியே" என்றான் கடைசியில்.

"சொன்னேன்."

"இந்தத் தூணாண்டதான் தினேஷுக்குத் தூளி கட்டினோம். நீதான் கொக்கி மாட்டிக் குடுத்த. பத்து தபா இழுத்துப் பாத்து மாட்டின." அதற்குமேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருப்பேன்.

பொறியாளர்தான் இடையில் வந்தான். "சார், ஒண்ணு சொல்லவா? ஆறாவது தூண் நல்லா இருக்கு. இருக்கறதுலயே அதான் நல்ல தூண்."

என் தாளில் ஆறு இருந்தது. அவன் தாளில் இல்லை. மறுபடி அடிக்கச் சொன்னேன். மீண்டும் பன்னிரண்டு இடம். அதே எண்.

நோட்டுப்படி ஆறாவது தூண் ஐந்தோடு சேர்ந்து கலந்தது. அதே தொட்டி, அதே இரண்டு மூட்டை. அது நன்றாக இருக்க முடியாது. ஐந்து தூண் கெட்டது என்னைத் தூங்க விடவில்லை என்றால், ஒரு தூண் நன்றாக இருந்தது அதைவிட அதிகமாகத் தூங்க விடவில்லை.

7

காசிம் பாய் இப்போதும் தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறார். கண்ணில் புரை விழுந்திருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைக் கண்ணுக்கு எதிரே பிடித்திருந்தார். என் குரலில் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா சார், சாவியக் காணமா?"

முப்பத்தாறு வருடம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி அது. நான் விஷயத்தைச் சொன்னேன். ஐந்து தூண் கெட்டது, ஆறு மட்டும் நன்றாக இருக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"ஆறு மட்டும் எப்டி நல்லா கீதுன்னு கேக்க வந்தியா? அஞ்சு எப்டி கெட்டுதுன்னு தெரிஞ்சிக்கினியா?"

"தெரிந்துகொண்டேன்."

"யாரு சொன்னது?"

"அமெரிக்காவில் ஒரு காலேஜில் சொன்னார்கள்."

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளிருந்து அவர் மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத நான் மொத நாளே சொன்னனே சார். காலீல மொத்தமா கலந்து வெச்சா மதியம் கல்லாயிடும், தண்ணி வுட்டு வுட்டு இளக்கணும், கலவ செத்துப்பூடும்னு. நீ இன்னா சொன்ன? பாய், எனுக்குக் கணக்கு கரீட்டா இருக்கணும்ன்ன. அதுக்கு ஒரு காலேஜா?"

அவர் சொன்னது எனக்கு நினைவில்லை. நோட்டிலும் இல்லை. எண்ணை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

"ஆறாவது தூண்?"

"அன்னிக்கு வெய்யிலு ஜாஸ்தி. அஞ்சாவத ஊத்தி முடிச்சேன். மீதி கலவ பாறையாட்டம் ஆயிட்ச்சு. மம்ட்டி எறங்கல. அத இளக்கி ஊத்தினா அப்பவே வுழுந்துரும். வாரிக் கால்வாய்ல கொட்டிட்டேன். தெருமுனை கடையில ஒரு மூட்ட வாங்கியாந்து, புச்சா கலந்து ஊத்தினேன்."

"காசு?"

"என் காசுதான்."

அப்போது மூட்டை அறுபத்தெட்டு ரூபாய். மேஸ்திரிக்கு நாள் கூலி ஐம்பது. நான்தான் கொடுத்தேன், எனக்குத் தெரியும்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா? என் கலவைய ஏன் கொட்டினன்னு கூலில புடிப்ப. வெளீலேர்ந்து மூட்ட வந்துச்சுன்னா, அது உன் மூட்டதான், நான் திருடி வெச்சிருந்து எடுத்தாந்தேன்னு சொல்லுவ. பேஜாரு. சொல்லாம வுட்டா தூணாச்சும் நிக்கும்."

"மற்ற தூணுக்கும் அப்படிச் செய்திருக்கலாமே" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அல்லா. உன் வூட்டுக்கு நான் சிமெண்ட் வாங்கினே இருந்தா என் வூட்டுக்கு அரிசி யாரு வாங்குவா?"

மருமகள் டீ கொண்டுவந்தாள். நான் குடித்தேன். பிறகு, கேட்காமல் போக முடியாது என்பதால், அதையும் கேட்டேன். தூணுக்கு முந்தின வாரம் காணாமற்போன அந்த ஒரு மூட்டை.

பாய் என்னையே பார்த்தார். புரை விழுந்த கண் என்பதால் எதுவும் படிக்க முடியவில்லை. "இன்னும் அத வெச்சினு கீறியா? வுடு சார். ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு. கணக்கு டேலி ஆயிட்ச்சு பாரு."

அதற்கு என்ன பொருள் என்று ஆட்டோவில் வீடு திரும்பும்வரை யோசித்தேன். எடுத்தவர் திருப்பி வைத்தாரா, எடுக்காதவர் கையிலிருந்து போட்டாரா? இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. முதல்முறையாக ஒரு கணக்கை அப்படியே திறந்து விட்டிருக்கிறேன்.

கிளம்புமுன் அறுபத்தெட்டு ரூபாயை நீட்டினேன். "இத்த வெச்சு இப்ப பாதி பிரியாணி கூட வராது" என்று தள்ளிவிட்டார். "எனுக்கு ஒண்ணு பண்ணு. தூண சரி பண்றப்போ ஒரு நாற்காலி போடு. நீ உக்காந்து எண்ணுனாப்போல நான் உக்காந்து பாக்கறேன்."

8

இருக்கிற வீட்டை இடிக்காமல் காப்பாற்றுவது எங்கள் பாடத்தில் பதினோராம் வாரம். தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, புதுக் கான்கிரீட்டால் உறை போட்டுக் கனமாக்குவது. கேரிக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு பக்கம் வரைந்து அனுப்பினார். உள்ளூர்ப் பொறியாளரைக் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று மூன்று இடத்தில் அடிக்கோடு. பொறியாளர் வரைந்ததும் ஏறத்தாழ அதேதான். இரண்டையும் ஒப்பிட்டேன், ஒரு கம்பியில் வித்தியாசம். மாடிச் சுவருக்குச் சாம்பல் செங்கல் என்று முடிவாயிற்று. சாம்பல் எப்படியும் எண்ணூரில்தான் இருக்கப்போகிறது. சுவருக்குள் அடைத்து வைத்தால் யார் மூக்கிலும் ஏறாது.

கையெழுத்து போட்டேன். நாலு இடத்தில். சேகர் தாளை வாங்கி, படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டான். படித்துப் பார் என்றேன். "நீ படிச்சிருப்ப இல்ல, போதும்" என்றான். நான் படித்திருந்தேன், இரண்டு முறை.

தூண் வேலை ஜனவரியில் பதினைந்து நாள் நடந்தது. காசிம் பாய் தினமும் ஏழரைக்கு ஆட்டோவில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சிமெண்ட் அறைச் சாவியை முதல் நாளே அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு, கலவை பிடிக்கும் முன் ஊற்றச் சொல்லி வேலையாட்களை விரட்டினார். மூட்டைகளை நான் எண்ணவில்லை. இரண்டே முறை எண்ணினேன், அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது. இரண்டு முறையும் சரியாக இருந்தது.

ஆறாவது தூணுக்கு உறை வேண்டியதில்லை என்று பொறியாளர் சொன்னான். அதன் பூச்சைக்கூடத் தொட வேண்டாம் என்றேன்.

பிப்ரவரியில் ஒஹாயோ திரும்பினேன். மாடிச் சுவர் இப்போது ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. மாடிச் செலவு சேகருடையது. தளம் போட்டதும் தினேஷ் கொடுங்கையூர் வீட்டைக் காலி செய்கிறான். வாரத்துக்கு ஒருமுறை சேகர் படம் அனுப்புகிறான், நான் பெரிதாக்கிப் பார்க்கிறேன். "இன்னா, உளி தெரியுதா?" என்று கூடவே ஒரு குரல் செய்தி வரும். மீரா அதை வாங்கிக் கேட்டுவிட்டு, "இன்னா" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள். அரை பேர் ஆகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். கால் பேருக்குக் கொஞ்சம் மேல்.

தூண்களுக்கு ஆன செலவு முழுதும் என்னுடையது. ஐந்து தூணுக்கு உறை, பரிசோதனை, விமானம், பத்திரத் தாள்கள், காலேஜ் பரிசோதனைக்கூடக் கட்டணம், இரும்பு மூக்குக் காலணி, கண்ணாடி, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததற்குக் காசிம் பாய் வேண்டாம் என்று சொல்லியும் அவர் மருமகளிடம் கொடுத்த பதினைந்து நாள் கூலி, எல்லாம் சேர்த்து, 1988இல் காணாமற்போன ஒரு மூட்டையின் அறுபத்தெட்டு ரூபாயை மட்டும் சேர்க்காமல், மொத்தம் ஐந்து லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.